கட்டாயமில்லாத ஒரு கட்டம்

பள்ளத்தின் நீளம் பதினான்கு அங்குலம். அகலம், அதிகமாக இருந்த இடத்தில், மூன்றரை. இடது பின்கதவின் கைப்பிடிக்கு ஐந்து அங்குலம் கீழே தொடங்கிச் சக்கரத்தின் மேல் வளைவுவரை போயிருந்தது. என் காரில் ஓர் அளவு நாடா எப்போதும் இருக்கும். நான் அளந்துகொண்டிருந்தபோது இடித்தவர் பக்கத்தில் நின்று, துணிக்கடையில் ஜாக்கெட் துணி வெட்டுவதைப் பார்ப்பவர்போலப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை, காலை எட்டு நாற்பது. ஸ்ரீவராகத்தில் குளத்தை ஒட்டிய தெரு. அப்பாவின் திவசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதை நடத்திவைக்கிற வாத்தியாரிடம் சொல்லிவிட்டுப் போக அவர் வீட்டுக்கு வந்திருந்தேன். சொல்லிவிட்டுத் திரும்பும்போது, பக்கத்துச் சந்திலிருந்து ஒரு பழைய வெள்ளை வேன் பின்பக்கமாகவே வெளியே வந்தது. நான் ஹாரன் அடித்தேன். வேன் நிற்கவில்லை. சத்தம் பெரிதாக இல்லை. வேனுக்குள்ளிருந்த பாத்திரங்கள்தான் அத்தனையும் சேர்ந்து ஒலித்தன.

இறங்கி வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நாலு முழ வேட்டி, தோளில் துண்டு.

"ஐயோ சாரே, அடி ஒண்ணும் படலையே?"

"எனக்கு ஒண்ணுமில்லை. பின்னாடி பார்க்காம எடுத்தேளா?"

"பார்த்தேன். உருளிதான் தெரிஞ்சது."

கல்யாணச் சமையலுக்குப் பாத்திரம் ஏற்றிப் போகிற வண்டி அது. ஓட்டுவதும் அவர்தான், போன இடத்தில் காய் நறுக்குவதும் பரிமாறுவதும் அவர்தான் என்று பிறகு தெரிந்தது. பேப்பர் இருக்கிறதா என்று கேட்டேன். சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து, தயங்காமல் என் கையில் கொடுத்தார். இன்ஷூரன்ஸ் முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. வண்டி ஓடத் தகுதியானது என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் தருகிற ஃபிட்னஸ் அதற்கும் முன்பே முடிந்திருந்தது. அவற்றை ஒவ்வொன்றாக போனெட்டின்மேல் வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று யோசித்து எடுக்கவில்லை. காகிதம் கைக்கு வந்தால் நகல் எடுப்பது என் வழக்கம்.

"புதுக்க மறந்துட்டேளா?"

"மறக்கலை. இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனா ஃபிட்னஸ் எங்கேன்னு கேக்கறான். ஃபிட்னஸுக்குப் போனா அடித்தகடு பூரா மாத்துங்கறான். உள்ளே நின்னு குனிஞ்சு பார்த்தா ரோடு தெரியும். தரையில ஜன்னல் வெச்ச வண்டி இந்த ஊர்லயே நம்மளோடது ஒண்ணுதான்."

அவரே சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சாருக்கு என்னைத் தெரியலையா? போன வருஷம் உங்காத்துல இருந்தேனே. பித்ரு ஸ்தானத்துல."

எங்கள் வீடுகளில் திவசத்தன்று இரண்டு பேரை அழைத்து உட்காரவைப்போம். ஒருவர் தேவர்களின் இடத்தில், மற்றவர் இறந்துபோனவர்களின் இடத்தில். அவர்கள் காலைக் கழுவி, இலைபோட்டுப் பரிமாறி, அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் பிள்ளையின் வேலை. அந்த நேரத்துக்கு அந்த இரண்டாவது மனிதர்தான் அப்பா.

முகத்தைப் பார்த்தேன், நினைவு வரவில்லை. பிறகு காலைப் பார்த்தேன். வலது பெருவிரல் நகம் கறுத்து, நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. அந்த நகம் எனக்குத் தெரியும். போன வருஷம் அதைக் கழுவித் துடைத்திருக்கிறேன்.

அன்று மாலை போன வருஷத்து டைரியை எடுத்துப் பார்த்தேன். வாத்தியார் வந்த நேரம் இருந்தது. வாழைக்காய்க் கறியில் உப்பு குறைவு என்று இருந்தது. எள்ளுருண்டை எத்தனை செய்து எத்தனை மீந்தது என்று இருந்தது. அவரைப் பற்றி இரண்டு சொற்கள்தான்: "இருவர் வந்தனர்."

தெருவில் அவர் கேட்டது ஒன்றுதான்.

"சார், போலீஸுக்கு மட்டும் போகாண்டாம். கதவை நானே நேராக்கித் தரேன். இந்த வண்டி ஸ்டேஷனுக்குள்ள போனா வெளில வராது. வண்டி இருக்கறதாலதான் என்னைக் கூப்பிடறா. வண்டி இல்லைன்னா காய் நறுக்க வேற ஆளா கெடைக்க மாட்டான்? ஆத்துல அவளுக்கு முட்டி போயாச்சு, எழுந்து நடக்க மாட்டா. என் ஒருத்தன் ஓட்டம்தான்."

"நான் புகார் கொடுக்க மாட்டேன் மாமா. கதவை என் இன்ஷூரன்ஸ்லயே பார்த்துக்கறேன். நீங்க போங்கோ" என்றேன்.

அப்போது மணி எட்டு ஐம்பத்தைந்து. நான் சொன்னது மனதார. இதை எழுதும்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

மதியம் ஆபீசிலிருந்து இன்ஷூரன்ஸ் ஏஜென்டுக்கு போன் செய்தேன். க்ளெய்முக்கு போலீசில் ஜி.டி. பதிவு வேண்டும் என்றார். ஸ்டேஷனில் அன்றாடம் நடப்பதைக் குறித்துவைக்கிற ஏட்டின் பெயர் அது. அதில் நம் விபத்து ஒரு வரியாக ஏறினால் போதும். இப்போது மொபைலிலேயே எழுதி அனுப்பலாம்.

"ஆனா சாரே, வேற வண்டியை அதுல கொண்டு வராதீங்க. வெறுதே தலைவேதனை. கேட் தூண்ல இடிச்சதுன்னு போட்டா மதி, அது போதும்."

"தூண்ல இடிக்கலையே."

"இடிக்கலைன்னு தூண் வந்து சொல்லுமா சார்? தூணுக்கு ஒரு ஆட்சேபணையும் இருக்காது."

மாலையில் மனைவியும் அதையேதான் சொன்னாள். "தூண்னு எழுதினா என்ன? ஊர் பூரா அப்படித்தானே எழுதறது?"

"நடக்காததை எப்படி எழுதறது?"

"அப்போ நடந்ததை எழுதாம இருங்கோ. இடிச்சுதுன்னு மட்டும் எழுதுங்கோ. எது இடிச்சுதுன்னு அவா கேட்டாப் பார்த்துக்கலாம்."

அவள் சொன்னபடி செய்திருக்கலாம். படிவத்தில் அதற்கு இடம் இருந்தது. நிரப்பியே ஆகவேண்டிய கட்டங்களுக்குப் பக்கத்தில் சிவப்பில் ஒரு சிறு நட்சத்திரம் இருந்தது. என் பெயர், என் வண்டி, இடம், நேரம், சேதம். எதிர் வண்டியைப் பற்றிய கட்டங்களுக்கு நட்சத்திரம் இல்லை. காலியாக விட்டாலும் படிவம் போகும்.

இருபத்தெட்டு வருஷமாக நான் செய்கிற வேலை, ஜனங்கள் எழுதித் தரும் விண்ணப்பங்களைப் பார்ப்பது. கட்டம் காலியாக இருந்தால் திருப்பி அனுப்புவேன். பொருந்தாது என்றால் "பொருந்தாது" என்று எழுது, காலியாக விடாதே என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். எதிர் வண்டியின் எண்ணை எழுதினேன். அடுத்த கட்டம் அதன் இன்ஷூரன்ஸ் முடியும் தேதி. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்து அதையும் எழுதினேன். ஆதாரம் சேர்க்க விரும்பினால் சேர்க்கலாம் என்று இருந்தது. கதவின் படங்கள் மூன்று, அந்தக் காகிதத்தின் படம் ஒன்று சேர்த்தேன்.

கடைசியில் வேறு ஏதாவது சொல்ல விரும்பினால் எழுதலாம் என்று ஒரு பெரிய கட்டம். அதில், "எதிர்தரப்பினர்மீது எனக்கு எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதினேன். அந்த வாக்கியத்தை நம்பினேன். அது இருக்கும்வரை வேனை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைத்தேன். மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டு ஏழு பத்துக்கு அனுப்பினேன். பொய்யும் சொல்லாமல், வாக்கும் தவறாமல் காரியம் முடிந்ததில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியையும் டைரியில் எழுதியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு ஆபீசில் இருந்தபோது வாத்தியார் கூப்பிட்டார். அவர் எனக்கு இரண்டு வயது இளையவர்தான், ஆனால் என்னை ஓய் போட்டுத்தான் பேசுவார்.

"ஓய், என்னத்தை எழுதினீர்?"

"எதை?"

"வேனைப் போலீஸ்காரா கொண்டு போயிட்டா. கல்யாண மண்டபத்து வாசல்ல வெச்சு. சாம்பார் அண்டா உள்ளே. காலி அண்டா, அது ஒண்ணுதான் பாக்கியம்."

"நான் புகாரே கொடுக்கலையே."

"புகார் கொடுக்கலையா? அப்போ என்ன, க்ஷேமம் விசாரிச்சு எழுதினீரா? உம்ம பேர், உம்ம வண்டி, பக்கத்துல அவர் வண்டி நம்பர், தேதி எல்லாம் இருக்காம். பின்னே அவா வந்து பார்க்காம இருப்பாளா?"

அரை நாள் லீவு போட்டுவிட்டு ஸ்டேஷனுக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்த போலீஸ்காரர் இளைஞர். மரியாதையாக நாற்காலி போட்டார். நான் எழுதியதைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவர் கம்ப்யூட்டரில் என் படிவத்தை எடுத்து, மெதுவாகப் படித்தார்.

"பராதி உண்டெங்கிலல்லே சாரே பின்வலிக்கான் பற்றூ? சார் பராதி தந்நிட்டில்லல்லோ."

புகார் இருந்தால்தானே திரும்பப் பெறமுடியும், நீங்கள் புகாரே தரவில்லையே என்றார். கிண்டல் இல்லை அதில். எனக்கு உதவவே பார்த்தார். அப்படியென்றால் எழுதியதில் ஒரு வரியை மட்டும் நீக்க முடியுமா என்று கேட்டேன். அந்த வரி தவறா என்று கேட்டார். தவறில்லை என்றேன். தவறென்று எழுதித் தந்தால் திருத்தலாம், சரியானதை எப்படித் திருத்துவது என்றார். இதே பதிலை இதே குரலில் நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். வண்டியை விட வேண்டுமென்றால் இன்ஷூரன்ஸ் வேண்டும், அதற்கு ஃபிட்னஸ் வேண்டும். இவை இல்லாத வண்டி என்று தெரிந்துவிட்ட பிறகு தெரியாததுபோல் அதை ரோட்டில் விட அவரால் முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

ஸ்டேஷனுக்குப் பின்னால் காலியிடம். பிடித்து வந்த வண்டிகள் அங்கே நிற்கின்றன. சக்கரமில்லாத ஆட்டோக்கள், கண்ணாடி போன கார்கள். ஒரு லாரியின் முன்பக்கம் முழுக்கக் கொடி ஏறி, ஸ்டியரிங்குக்குள் புகுந்து மறுபக்கம் வந்திருந்தது. வரிசையின் கடைசியில் வெள்ளை வேன். அவற்றின் நடுவில் அது புதிது போலத் தெரிந்தது.

அவர் பாத்திரங்களை இறக்கி ஓர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அண்டாவின் மறுபக்கத்தை நான் பிடித்தேன். பிடிக்காதே என்று அவர் சொல்லவில்லை.

"நான் புகார் கொடுக்கலை மாமா."

"தெரியும். அந்தப் பையன் எனக்குப் படிச்சுக் காட்டினான்." அண்டாவைச் சாய்த்து வைத்துவிட்டுத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "நன்னா எழுதியிருந்தேள். ஒரு தப்பு இல்லை."

அடுத்த வாரம் முழுதும் என்னால் ஆனதைச் செய்தேன். எனக்குத் தெரிந்த ஒர்க்‌ஷாப்காரரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போய், அனுமதி வாங்கி, வேனைக் காட்டினேன். செலவை நான் பார்த்துக்கொள்கிறேன், டெஸ்டுக்குத் தேறுகிற மாதிரி செய்ய முடியுமா என்றேன். அவர் உள்ளே விரித்திருந்த சாக்கைத் தூக்கினார். அடியில் புல் தெரிந்தது. ஸ்க்ரூடிரைவரால் ஒரு மூலையில் குத்தினார், அது மறுபக்கம் போனது.

"சார், புதுத் தகடு அடிக்கணும்னா அதைப் பிடிச்சுக்க நல்ல தகடு வேணும். இதுல எது நல்ல தகடுன்னு நீங்களே காட்டுங்க."

காட்ட ஒன்றும் இல்லை. நான் டைரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. எந்த வரியில் தவறினேன் என்று தேடினேன். எல்லா வரியும் சரியாக இருந்தது. தவறு கண்ணில் பட்டால் அடித்துவிட்டு மேலே எழுதலாம், ஓரத்தில் கையெழுத்துப் போடலாம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இங்கே அடிக்க ஒரு சொல்கூட இல்லை. வாழ்நாள் முழுக்க எதைப் பிடித்துக்கொண்டு நின்றேனோ அது எதற்கும் உதவாது என்று ஐம்பத்து மூன்று வயதில் தெரிய வருவது நல்லதில்லை. வேறொன்றைப் பழகிக்கொள்ள நேரம் போதாது.

என் க்ளெய்ம் பத்தாம் நாள் பாஸாகி, கதவு சரியாகி வந்தது. கைப்பிடிக்கு ஐந்து அங்குலம் கீழே விரலை வைத்து வளைவுவரை தடவிப் பார்த்தேன். எங்கும் தட்டவில்லை. ஜி.டி. பதிவு இவ்வளவு தெளிவாக இருந்ததால் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றார் ஏஜென்ட். தூண் விஷயத்தை அவர் மறந்திருந்தார்.

திவசத்துக்கு முதல் நாள் வாத்தியாரிடம் போனில் பேசினேன். பித்ரு ஸ்தானத்துக்கு யார் என்று கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நாளைக்கு இன்னும் நாலாத்துல திவசம். ஆள் கெடையாது. அவரைத்தான் சொல்லியிருக்கேன்."

"வரேன்னாரா?"

"வராம? மண்டபத்துக்காரன் வேற வண்டி பார்த்துண்டாச்சு. இனிமே அவருக்கு இதுதான். திவசச் சாப்பாடு சாப்பிட்டவன் அன்னிக்குப் பாரம் சுமக்கப்படாதுன்னு சாஸ்திரம். அதுக்கு நீர் நல்ல ஏற்பாடு பண்ணிட்டீர்."

நாங்கள் பேரூர்க்கடையில் ஒரு ஃபிளாட்டில் இருக்கிறோம். ஞாயிறு ஒன்பதரைக்கு வரவேண்டியவர் ஒன்பது ஐம்பத்திரண்டுக்கு வந்தார். ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டைவரை நடந்து, அங்கிருந்து பஸ். வழியில் மழை. குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, "பஸ் நின்னு நின்னு வந்தது, மன்னிக்கணும்" என்றார். வாத்தியாரிடம் சொன்னாரா என்னிடம் சொன்னாரா என்று தெரியவில்லை.

தாம்பாளத்தில் அவர் காலை வைத்துக் கழுவினேன். கறுத்த நகம் அப்படியே இருந்தது. குதிகாலில் செருப்பு உரசி ஒரு கொப்புளம் உடைந்திருந்தது. தண்ணீர் பட்டதும் மூச்சை உள்ளுக்கு இழுத்தார். காலை இழுக்கவில்லை. மந்திரம் நடந்துகொண்டிருந்தது, அதனால் நான் எதுவும் சொல்லக் கூடாது. அவரும் சொல்லக் கூடாது. கொப்புளத்தைச் சுற்றித் துடைத்தேன்.

சாப்பாட்டின்போதும் அவர்கள் பேசக் கூடாது. நன்றாயிருக்கிறது, இல்லை என்று எதுவும் சொல்லக் கூடாது. வேண்டும் என்றாலும் போதும் என்றாலும் கையால்தான். நான் இலைக்கு எதிரே நின்றேன். மனைவி உள்ளிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டு வந்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் நிதானமாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை எள்ளுருண்டை வைக்கப் போனபோது கையைக் குறுக்கே வைத்தார். அந்தக் கையை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. வாத்தியார் செருமினார்.

எல்லாம் பரிமாறி முடிந்ததும், திவசம் செய்கிற கர்த்தா ஒரு கேள்வி கேட்க வேண்டும். திருப்தியடைந்தீர்களா என்று. அடைந்தோம் என்று அவர்கள் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் கேட்டிருக்கிறேன், அது ஒரு கேள்வி என்று தோன்றியதே இல்லை.

"கேளும்" என்றார் வாத்தியார்.

வாத்தியார் கேள்வியை மறுபடி எடுத்துக் கொடுத்தார். கேட்டேன்.

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திருப்தியடைந்தோம் என்று, சொல்ல வேண்டிய சொற்களில், சொல்ல வேண்டிய ஸ்வரத்தில் சொன்னார். வேறு எதையும் அவர் சொல்ல முடியாது. சொன்னால் திவசம் கெடும், அவர் வந்த காரியம் கெடும். அப்பாவுக்காக நான் கேட்டதற்கு அப்பாவுக்காக அவர் சொன்ன பதில் அது. அவருடைய பதிலை நான் ஒருநாளும் கேட்கப்போவதில்லை. அடுத்த வருஷமும் அவர் வருவார், ஆள் கிடையாது. அப்போதும் கேட்க வேண்டும்.

கிளம்பும்போது கீழேவரை கூடப் போனேன். மழை விட்டிருந்தது. போர்ட்டிகோவில் என் கார் நின்றது. அவர் அதைத் தாண்டும்போது நின்று, குனிந்து இடது பின்கதவைப் பார்த்தார். தொடவில்லை.

"சுத்தமா எடுத்துட்டானே. எங்கே இருந்துதுன்னே தெரியலை."

"ஏறுங்கோ மாமா. ஸ்ரீவராகத்துல கொண்டு விடறேன்."

"வேண்டாம் சார்." சிரித்தார். தரையில் ஜன்னல் என்று சொன்னபோது சிரித்த அதே சிரிப்பு. "ஏறினா நீங்க அதையும் எழுதுவேள்."

செருப்பை உரசாமல் இருக்கக் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து கேட்டைத் தாண்டினார். பஸ் ஸ்டாப் எதிரே நூறடி தள்ளி. அங்கே போய் நின்று, மடக்கிய குடையைக் கம்பியில் மாட்டினார். பஸ் வரும்வரை நான் கேட்டிலேயே நின்றேன். பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. அவர் இந்தப் பக்கம் திரும்பவில்லை.